கவர் பாட்டுக்கு உரிமம்: ஐந்து வருஷம் வயலினோடு நான் பட்ட பாடு

கவர் என்றால் ஏற்கெனவே வந்த பாட்டை நாமே திரும்பப் பாடியோ வாசித்தோ பதிவுசெய்வது. என் முதல் கவரை 2020 ஊரடங்கில் போட்டேன். எண்பதுகளின் படப்பாட்டு ஒன்று, வயலினில். எல்லாரும் போடுகிறார்களே என்று கீழே "உரிமை அனைத்தும் உரியவர்களுக்கே" என்று ஒரு வரி. அந்த வரிக்குச் சட்டத்தில் பத்து பைசா மதிப்பு கிடையாது. ஏற்றிய அரை மணி நேரத்தில் யூடியூப் ஸ்டுடியோவில் காப்பிரைட் கிளைம், அதாவது "இது எங்களுக்குச் சொந்தம்" என்ற உரிமைக் கோரிக்கை, வந்து உட்கார்ந்துவிட்டது. அதுவும் மெட்டுக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று என்று இரண்டு.

மெட்டுக்கு வந்தது புரிந்தது. வாசித்தது நான்தானே, ஒலிப்பதிவுக்கு எப்படி வரும்? கரோக்கியால் வந்த வினை. காசு கொடுத்து வாங்கிய மைனஸ் ஒன் (குரல் இல்லாத பின்னணி இசை) என்பதால் எனக்கே சொந்தம் என்று நினைத்துவிட்டேன். விற்ற ஆளுக்கே அது சொந்தமில்லை. அன்றிலிருந்து கிட்டார், கீபோர்டு, தபேலா எல்லாம் நண்பர்களைப் பிடித்து நாங்களே வாசிக்கிறோம். அந்த இரண்டாவது கிளைம் அப்புறம் வரவில்லை.

கிளைம் என்றதும் பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் வீடியோ இருக்கும், விளம்பரக் காசு உரிமையாளருக்குப் போகும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது ஸ்ட்ரைக்குக்கு, அதாவது உரிமையாளர் கேட்டு வீடியோவையே நீக்கும்போது சேனல் மேல் விழும் எச்சரிக்கைக்கு. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும்.

ஸ்பாட்டிஃபைக்குப் போக, பாட்டை அங்கே ஏற்றித் தரும் ஒரு விநியோகத் தளத்தில் சேர்ந்தேன். "இது கவரா?" என்ற கட்டத்தில் டிக் போட்டால் பாட்டுக்கு வருஷம் 12 டாலர், உரிமத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். முதல் வருஷம் ஆறு பாட்டு, 72 டாலர். வரவு அதில் பாதிகூட இல்லை. காசு போனதைவிட, எதற்குக் கட்டுகிறோம் என்று தெரியாமல் கட்டியதுதான் வருத்தம். அது அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 115ஆம் பிரிவுப்படியான உரிமம். அங்கே ஒரு பாட்டு ஒருமுறை வெளியாகிவிட்டால், நிர்ணயித்த ராயல்டியைக் கட்டிவிட்டு யாரும் திரும்பப் பாடிப் பதிவுசெய்யலாம். உரிமையாளர் மறுக்க முடியாது. ஆனால் ஒலிக்கு மட்டும்தான். வீடியோவாக்கினால் தனி அனுமதி வேண்டும். நம்மூர் லேபிளை (பாட்டின் உரிமையை வைத்திருக்கும் இசை நிறுவனத்தை) அந்த உரிமம் கட்டுப்படுத்தாது என்பது, ஒரு பாட்டைத் தளத்திலிருந்து தூக்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

நம் சட்டத்திலும் கவருக்கு வழி இருக்கிறது: 2012 திருத்தத்தில் வந்த 31சி பிரிவு. படித்துப் பார்த்தால் சிரிப்பு வரும். பாட்டு முதலில் பதிவான வருஷம் முடிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும். முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும். வருஷத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். மெட்டையோ வரியையோ நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. கேசட் கம்பெனிகளை மனதில் வைத்து எழுதியது. வீட்டில் மைக் வைத்துப் பதிவுசெய்கிறவனுக்கு இதில் ஒன்றும் இல்லை.

அதனால் இப்போது நேராக லேபிளுக்கே மெயில். பாட்டு, படம், எந்தத் தளம், ஒலியா வீடியோவா, ஒரு நிமிட மாதிரி, இவ்வளவுதான் எழுதுவேன். இதுவரை 14 அனுப்பி மூன்றுக்குப் பதில் வந்தது. ஒருவர் கேட்ட தொகை என் வயலின் விலைக்கு மேல். மற்ற இருவர், விளம்பர வருமானம் தங்களுக்கே என்ற நிபந்தனையோடு எழுத்தில் சம்மதித்தார்கள். எனக்கு அது போதும், கச்சேரி அழைப்பு அந்த வீடியோக்களால்தான் வருகிறது.

இடையிடையே கீர்த்தனை வாசிக்கிறேன். தியாகராஜர் மறைந்தது 1847இல், உரிமைத் தகராறே இருக்கக் கூடாது. அதற்கும் ஒரு நிறுவனம் கிளைம் போட்டது! மறுப்புத் தெரிவித்தேன். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் அவகாசம். 26ஆம் நாள் சத்தமில்லாமல் விலக்கிக்கொண்டார்கள். பாரதி பாட்டில் வேறு சிக்கல். வரிகள் எல்லாருக்கும் பொது. ஆனால் நம் காதில் இருப்பது பெரும்பாலும் சினிமா மெட்டு, அதற்கு உரிமையாளர் உண்டு. ஆகவே பாரதிக்கு நானே மெட்டுப் போட்டேன். சுமார்தான், ஆனால் கிளைம் வரவில்லை.

போன மாதம் ஒரு தொண்ணூறுகள் பாட்டுக்கு மெயில் போட்டிருக்கிறேன். மிக்ஸிங் முடிந்து ஹார்டு டிஸ்கில் கிடக்கிறது. பதில் வந்தால்தான் வெளியீடு.