ஒர்க்‌ஷாப்பில் கிளவுட் பாடமா, பலகை மேல் தாளா?

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். போன வருஷம் வீடியோ, பி.டி.எஃப்., டெஸ்ட் எல்லாமே கூகுள் கிளாஸ்ரூம் என்கிற கிளவுட் தளத்தில்தான். இந்த வருஷம் செய்முறைக்கு மட்டும் அதை விட்டுவிட்டேன். ஏ3 தாளில் சர்க்யூட் வரைந்து, லேமினேட் போட்டு, ஒவ்வொரு பலகைக்கு மேலும் மாட்டியாயிற்று. ஒர்க்‌ஷாப்பைப் பொறுத்தவரை நான் தாள் கட்சி.

கிளவுட் தொலையாது, தாளுக்கு டேட்டா வேண்டாம் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, ஜிமெயிலுக்கும் போட்டோவுக்கும் சேர்த்துத்தான். கோயில் கொடை முடிந்த வாரம் போட்டோவால் இடம் நிரம்பி, பாதிப் பேருக்கு அசைன்மென்ட் மேலே ஏறவில்லை.

என்னை மாற வைத்தது ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பிலும், வேகம் பிடித்த பிறகு டெல்டா இணைப்பிலும் ஓட்டும் சர்க்யூட் அது. ஒரு பையன் வீடியோவை நிறுத்திவிட்டு, போனை பெஞ்சில் வைத்து, வயரைக் கையில் எடுப்பான். அதற்குள் திரை அணைந்துவிடும். லாக்கைத் திறந்து, இடத்தைத் தேடி, படத்தைப் பெரிதாக்கினால், கையில் இருப்பது எந்த வயர் என்பது மறந்திருக்கும். "சார், யு1 போறது டபிள்யூ2-வுக்கா, வி2-வுக்கா?" மோட்டார் முனைகளைத்தான் கேட்கிறான், ஒரே மத்தியானத்தில் மூன்றாவது தடவை.

"டபிள்யூ2-வுக்குல. இப்பத்தானே சொன்னேன்?"

அவனைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. புதிதாகப் படிக்கிறவன் மனசில் ஒரே சமயத்தில் நாலு விஷயம் நின்றாலே பெரிது. எந்த கான்டாக்டர் (காயிலுக்குக் கரன்ட் வந்தால் இழுக்கும் சுவிட்ச்), எந்த முனை, என்ன நிற வயர், அடுத்து எங்கே என்பதிலேயே நாலும் தீர்ந்தது. போனோடு மல்லுக்கட்ட இடம் ஏது?

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஆஸ்திரேலியாவில் சாண்ட்லர், ஸ்வெல்லர் என்ற ஆய்வாளர்கள் 1991-ல் இதை எழுதிவிட்டார்கள். அவர்கள் சோதித்தவர்களிலும் எலக்ட்ரிகல் அப்ரண்டிஸ்கள் உண்டு. படம் ஓரிடத்திலும் விளக்கம் வேறிடத்திலும் இருந்தால், இரண்டையும் பொருத்திப் பார்ப்பதிலேயே மூளை களைத்துவிடுகிறது.

ஆனால் பழியை முழுக்கக் கிளவுட் மேல் போடவும் கூடாது. நான் முதலில் போட்ட தாளும் மோசம்தான். படத்தில் 1, 2, 3 என்று எண், விளக்கமெல்லாம் அடியில். பையன்கள் கழுத்து மேலும் கீழும் போய்வந்தது. பிறகு ஒவ்வொரு கோட்டின் மேலேயே எழுதினேன். டெல்டா கான்டாக்டரில், அது இழுத்ததும் திறந்துகொள்ளும் 21-22 முனைகளுக்குப் பக்கத்தில், 'இது வழியாக வந்தால்தான் ஸ்டார் இழுக்கும். இரண்டும் சேர்ந்து இழுத்தால் ஷார்ட்.' ஆறு அங்குலத் திரையில் முழு சர்க்யூட்டையும் இப்படிக் காட்ட முடியாது, பெரிதாக்கினால் பாதி வெளியே போய்விடும். தாள் ஜெயிப்பது இந்த இடத்தில்தான்.

மார்க் வைத்து நிரூபிக்கச் சொன்னால் என்னால் முடியாது. பார்த்தது இரண்டே பேட்ச், அதுவும் வேறு வேறு பையன்கள். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவது குறைந்திருக்கிறது, அவ்வளவுதான் தைரியமாகச் சொல்வேன். இரண்டாம் வருஷப் பையன்களிடம் கணக்கு மாறவும் செய்யலாம். தெரிந்தவனுக்கு விளக்கமே பாரமாகும் என்று ஸ்வெல்லர் கூட்டத்தாரே 2003-ல் எழுதியிருக்கிறார்கள்.

தியரிக்கு நான் இன்னும் கிளவுட்தான். பரீட்சையே கம்ப்யூட்டரில் நடப்பதால், ஐ.டி.ஐ. பாடங்களுக்கான அரசின் பாரத் ஸ்கில்ஸ் தளத்தின் வினா வங்கியைப் போட்டுப் பழக்குவது நல்லது. கடையத்திலிருந்து ரயிலில் வருகிறவன் வழியில் பத்துக் கேள்வி முடித்துவிடுகிறான். லீவு போட்டவனுக்கும் வீடியோதான் கதி.

தாளின் மூலையில் வீடியோவுக்கு ஒரு க்யூஆர் ஒட்டலாமே என்று சக வாத்தியார் சொன்னார். ஒட்டினால் போன் மறுபடி கைக்கு வந்துவிடும். யோசித்துப் பார்த்து, ஒர்க்‌ஷாப் கதவுக்கு வெளிப்புறம் ஒட்டியிருக்கிறேன்.