பேரிக்காய் வடிவத் தேயிலைப் பெட்டி வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

இங்கே இங்கிலாந்தில் நம்மவர்கள் நிறையப் பேர் சமையலறை அலமாரிக்கு அழகாக இருக்கட்டும் என்று பழைய தேயிலைப் பெட்டிகள் வாங்குகிறார்கள். எனக்கும் ஆறு வருடமாக அந்தப் பைத்தியம் உண்டு. போன மாதம் 420 பவுண்டு கொடுத்து ஏமாந்துவிட்டேன். பணம் போனது ஒரு பக்கம். அந்தப் பெட்டியில் பத்து நாள் தேயிலை போட்டு வைத்து, வீட்டில் எல்லோருக்கும், ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் உட்பட, டீ போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

என் சேகரிப்பு 1953 முடிசூட்டு விழாத் தகரடப்பா ஒன்றில் ஆரம்பித்தது. நாலு பவுண்டு. மூடியில் இளம் ராணியின் படம், ஓரமெல்லாம் துரு. அப்புறம் 1937 டப்பா ஒன்று, பீங்கான் ஜாடிகள் இரண்டு, பூட்டு வைத்த மஹோகனிப் பெட்டி ஒன்று என்று வளர்ந்தது. பூட்டு எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் இங்கே தேயிலை அவ்வளவு விலை. 1784-இல் சட்டம் போட்டு வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைக்கும்வரை கள்ளக்கடத்தல் தேயிலைதான் ஊரெங்கும். வேலைக்காரர்கள் எடுத்துவிடக் கூடாதென்று வீட்டம்மா பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வார். ‘கேடி’ என்று இங்கே இதைச் சொல்கிறார்களே, அது ‘காத்தி’ என்ற மலாய் எடைப் பெயரிலிருந்து வந்தது. ஒரு காத்தி சுமார் 600 கிராம்.

இந்த வகையில் எல்லோரும் ஏங்குவது பழ வடிவப் பெட்டிக்குத்தான். ஆப்பிள், பேரிக்காய், முலாம்பழம் என்று மரத்தைக் கடைந்து, நடுவில் வெட்டிக் கீல் வைத்து, காம்போடு செய்திருப்பார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் செய்தவை. அசலுக்குப் பல ஆயிரம் பவுண்டு விலை. அதனால் கடந்த சில பத்தாண்டுகளாகப் புதிதாகச் செய்து, சாயம் ஏற்றிப் பழசாக்கி விற்பதும் ஏராளம். இந்தக் கடைசி விஷயம் எனக்கு அன்றைக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தை ஒன்றில் ஒரு மேசையில் அந்தப் பேரிக்காய் இருந்தது. கையில் எடுத்ததும் கீழே வைக்க மனமே வரவில்லை. விற்றவர் நல்ல வயதானவர், பேச்சும் மரியாதையானது. “1790 வாக்கில் செய்தது. என் பாட்டி வீட்டுப் பொருள். உள்ளே தகடுகூட அப்படியே இருக்கிறது பாருங்கள். சமையலறையில் வைத்துத் தாராளமாகத் தேயிலை போடலாம்” என்றார். 600 சொன்னார். ரொக்கமாகத் தந்தால் 420 என்றார். பக்கத்தில் இருந்த ஏடிஎம்முக்கு ஓடினேன். ரசீது கேட்டேன், எழுதித் தந்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன், படிக்கவில்லை.

நாலாம் நாள் டீயில் ஒரு வாடை. பாலிஷ் போட்ட செருப்பை மூக்கருகே வைத்தாற்போல். “தேயிலை பழசோ என்னமோ” என்றார் மாமியார். நானும் தேயிலையை மாற்றினேனே தவிர, பெட்டியைச் சந்தேகப்படவில்லை. பத்தாம் நாள் ஈரத்துணியால் உள்விளிம்பைத் துடைத்தபோது துணியில் பழுப்புச் சாயம் இறங்கியது. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

ஓர் ஏல நிறுவனத்தில் மதிப்பீட்டு நாள் இருந்தது, கொண்டு போனேன். அங்கே இருந்த பெண்மணி பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் நாம் பிடித்தோமே, அந்த வெர்னியர் காலிப்பரை எடுத்துப் பேரிக்காயின் வயிற்றை ஒரு பக்கம் அளந்தார். 10.2 சென்டிமீட்டர். கால் திருப்பு திருப்பி மறுபடி அளந்தார். அதே 10.2. “இருநூறு வருட மரம் இப்படி வட்டமாக இருக்காது” என்றார். மரம் காய்ந்து சுருங்கும்போது வளையத்தின் போக்கில் அதிகமாகவும் குறுக்கே குறைவாகவும் சுருங்குமாம். கடைசல் போட்ட பழைய பொருள் கொஞ்சமாவது நீள்வட்டமாகிவிடும், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அளவில் தெரியும். அப்புறம் கீலில் இருந்த ஒரு திருகாணியைக் கழற்றிக் காட்டினார். நுனி ஊசி மாதிரி கூர்மை, தலையில் கீறல் நட்டநடுவில். 1790-இல் திருகாணிக்குக் கூர் நுனி கிடையாது, மொட்டையாக இருக்கும். கீறலைக் கையால் அறுத்ததால் பெரும்பாலும் கொஞ்சம் தள்ளியே விழுந்திருக்கும். உள்ளே இருந்த தகடும் புதிது, பசை வைத்து ஒட்டியது. அசலில் அது பெரும்பாலும் உதிர்ந்து திட்டுத்திட்டாகத்தான் மிஞ்சியிருக்குமாம். வாடை சாயத்தினுடையது.

“அசலாக இருந்திருந்தாலும் இதில் தேயிலை போட்டிருக்கக் கூடாது” என்று அவர் சொன்னதும்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் காலத்து உள்தகட்டில் ஈயம் இருக்கும் என்றார். ஈயம்தானே, எங்கள் அம்மா ஈயச் சொம்பில்தானே ரசம் வைப்பார் என்று ஒரு நிமிடம் தைரியமாக நினைத்தேன். உங்களுக்கும் அப்படித் தோன்றலாம், அதனால் தெளிவாகச் சொல்கிறேன். நம் ஈயச் சொம்பு வெள்ளீயம். இந்தத் தகட்டில் கலந்திருப்பது காரீயம், விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுப்பது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மஹோகனிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மூலையில் சாம்பல் நிறத் தகடு, நகம் பட்டாலே கீறல் விழுகிற மெத்து. அதில் ஏலக்காய் டீத்தூள் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினேன். உங்களிடம் மரப்பெட்டி இருந்தால் இன்றைக்கே திறந்து பாருங்கள். வெறுமனே அலங்காரத்துக்கு வையுங்கள். இல்லை, தேயிலை போட்டே ஆக வேண்டும் என்றால் மூடியுள்ள புது எவர்சில்வர் டப்பாவில் போட்டு அதை உள்ளே வையுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். அடுத்த சந்தையில் பேரிக்காயை விற்றவரைப் பிடித்தேன். அவர் பதறவே இல்லை. “ரசீதைப் படியுங்கள்” என்றார். ‘ஜார்ஜியன் ஸ்டைல் டீ கேடி’ என்று எழுதியிருந்தார். ஜார்ஜியன் என்றால் ஜார்ஜ் மன்னர்கள் ஆண்ட காலம். ஸ்டைல் என்றால் அந்தப் பாணி, அவ்வளவுதான். வருடம் இல்லை, பாட்டியும் இல்லை. வாயால் சொன்னதற்குச் சாட்சி என் கணவர் மட்டும். “வேண்டுமானால் 80 பவுண்டுக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்” என்றார். அதே மேசையில் இன்னொரு பேரிக்காய் இருந்தது. காம்பு வளைந்த பக்கம், வயிற்றில் கருப்புத் திட்டு, எல்லாம் என்னுடையது போலவே.

80 பவுண்டுக்குக் கொடுத்தால் அதே பேரிக்காய் இன்னொருவர் தலையில்தான் விழும் என்று திரும்பி வந்துவிட்டேன். வியாபாரியிடம் வாங்கிய பொருள் சொன்னபடி இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பித் தந்து முழுப் பணம் கேட்க 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் என்ன சொன்னார் என்பதைக் காட்ட வேண்டுமே. கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால் 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்கு வங்கியிடமே கேட்டிருக்கலாம். ரொக்கத் தள்ளுபடி என்று அவர் ஆசை காட்டியது இதனால்தான் என்று எனக்கு இப்போது படுகிறது. நீங்கள் வாங்கினால் வருடத்தையும், ‘ஸ்டைல்’ என்ற சொல் இல்லாமல் காலத்தையும், விற்பவர் பெயர் முகவரியையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பொருளைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

பேரிக்காய் இப்போது என் அலமாரியில் காலியாக இருக்கிறது. அடியில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன்: ‘புதியது. பழசு அல்ல. தேயிலை போடாதீர்கள்.’ எனக்குப் பின் யார் கைக்குப் போகுமோ தெரியாதே, அதனால் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, உரித்தெடுக்க முடியாதபடி மேலே வார்னிஷ் பூசிவிட்டேன்.