வேப்பெண்ணெயா, புங்க எண்ணெயா: எந்தக் கரைசல் பிரியாமல் நிற்கும்?

தண்டையார்பேட்டை மாடித்தோட்டங்களில் மாவுப்பூச்சி வந்தாலே எழும் கேள்வி இது. இரண்டுக்கும் அளவு ஒன்றுதான்: 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல்.

குளிரில்: வேப்பெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், மார்கழிக் காலையில் கெட்டிப்படும். புங்க எண்ணெயில் எளிதில் உறையாத ஒலீயிக் அமிலம் என்ற கொழுப்பு தூக்கல், தண்ணியாகவே இருக்கும்.

பிரிவது: கெட்டியான எண்ணெய் பெரிய துளிகளாகவே உடையும். துளியின் விட்டம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்கு வேகத்தில் மேலே ஏறிவிடும். குளிர்நாளில் புங்கம் நிற்பது அதனால்தான். வெயில் காலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

பூச்சிக்கு: வேம்பில் பூச்சியைத் தடுக்கும் அசாடிராக்டின் என்ற பொருள் இருக்கிறது, என் ஓட்டு அதற்கே.

ஆனால் எண்ணெயைவிட நம் பக்கத்து போர் தண்ணீர்தான் பெரிய வில்லன். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துத் திரித்துவிடும். அப்புறம் எந்த எண்ணெயும் நிற்காது. மெட்ரோ தண்ணீரோ மழைநீரோ எடுங்கள். முதலில் எண்ணெயில் சோப்பைக் குழைத்து, பிறகு தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள்.

பூச்சி முற்றியிருந்தால் வேப்பெண்ணெயை வெதுவெதுப்பாக்கிக் கலந்து, அன்று மாலையே அடித்துத் தீர்த்துவிடுங்கள். மார்கழியில் வாராவாரம் முன்னெச்சரிக்கையாக அடிப்பவர்களுக்குப் புங்கமே சுலபம்.