16 டெராபைட் என்று சொல்லி 4,800 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள்: காரைக்குடிப் பக்கத்தார் கவனிக்கவும்

கையடக்க எஸ்எஸ்டி (கணினிக் கோப்புகளைச் சேமிக்க வெளியிலிருந்து சொருகும் டிஸ்க்), 16 டெராபைட், விலை 4,800 ரூபாய் என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள். அது எஸ்எஸ்டியே அல்ல. 4,800 ரூபாயும் போய், எந்தப் பணம் கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காத ஒன்றும் போய் நிற்கிறேன். நேற்று மாலைதான் முழு விவரமும் தெரிந்தது. ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கிய பிறகு எழுதலாம் என்றால் அதற்குள் இன்னும் நாலு பேர் ஏமாந்துவிடுவார்கள்.

புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. கணினி உதிரிபாகங்கள், மெமரி கார்டு, பிரிண்டர் மை விற்கும் கடை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் பலருக்கும் பழக்கமான இடம்.

எதற்கு வாங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பொது வீட்டில் இரண்டாம் கட்டு அறையில் ஐயா காலத்துப் பெட்டி ஒன்று இருந்தது. பர்மாவுக்குக் கொண்டு விற்கப் போன காலத்துப் பேரேடுகள், கடிதக் கட்டுகள், அப்பத்தா கல்யாணத்து இசைகுடிமானம் (திருமண ஒப்பந்தப் பத்திரம்), 1942-ல் ஜப்பான் படை வந்ததால் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஊர் திரும்பியபோது கையோடு வந்த சில படங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பங்காளிகள் எல்லாருக்கும் ஒரு பிரதி கொடுப்பது என்று முடிவானது. ஏ4 அளவுத் தாளை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) வண்ணத்தில் ஸ்கேன் செய்து, சுருக்காமல் டிஃப் கோப்பாக வைத்தால் ஒரு பக்கமே ஏறத்தாழ 100 மெகாபைட் வரும். பேரேடு ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான பக்கம். அதனால்தான் பெரிய கொள்ளளவு தேவைப்பட்டது.

கடைக்காரர் பெட்டியைப் பிரித்து, தன் கணினியிலேயே சொருகிக் காட்டினார். திரையில் 14.5 டிபி என்று வந்தது. “16 என்றீர்களே, ஒன்றரை எங்கே போயிற்று?” என்று கேட்டேன். அவர் சிறிதும் தயங்கவில்லை. “அண்ணே, தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி 16 என்று அச்சிடுகிறார்கள். விண்டோஸ் 1024 ஆகப் பெருக்குகிறது. அதனால் எந்த டிஸ்க்கை வாங்கினாலும் குறைத்துத்தான் காட்டும். உங்களிடம் போய்ப் பொய் சொல்வேனா?” என்றார். அந்த விளக்கம் உண்மை. விண்டோஸில் எந்த நல்ல டிஸ்க்கைச் சொருகினாலும் இந்த வித்தியாசம் இருக்கும். இவ்வளவு விவரம் தெரிந்தவர், கேட்டதற்கு மறைக்காமல் பதில் சொல்கிறார் என்றுதான் 4,800 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். ஒரு மெய்யான கணக்கைச் சொல்லி என் வாயை அடைத்துவிட்டு, அதன் நிழலில் பொய்யை விற்றிருக்கிறார். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஸ்கேன் செய்யச் செய்ய அதில் ஏற்றினோம். ஏற்றிய கையோடு திறந்து பார்த்தால் திறந்தது. போன வாரம் பெரியப்பச்சி வீட்டாருக்குப் பிரதி எடுக்க உட்கார்ந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. கோப்புகளின் பெயர் இருக்கிறது, அளவு சரியாக இருக்கிறது, தேதி இருக்கிறது. சொடுக்கினால் எதுவும் சரியாகத் திறக்கவில்லை. ரங்கூன் கடிதங்கள் முழுவதும் போய்விட்டன. இசைகுடிமானத்தில் மேல் கால்வாசி தெரிகிறது, மிச்சம் ஒரே சாம்பல் நிறம்.

அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் தங்கை மகன் நேற்று வந்து பார்த்தான். “அம்மான், இதைத் திறந்து பார்த்துவிடுவோம்” என்று கத்தி முனையால் மூடியை நெம்பினான். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பலகை. அதன் மேல் பசை வைத்து ஒட்டிய மைக்ரோ எஸ்டி கார்டு, கட்டைவிரல் நகத்தளவு. பக்கத்தில் கனம் தெரிவதற்காக ஒரு இரும்புத் துண்டு. இவ்வளவுதான் என் 4,800 ரூபாய்.

அந்தக் கார்டு 64 ஜிகாபைட். பலகையில் இருக்கும் சிப்பின் மென்பொருளை மாற்றி, கணினி கேட்டால் 16 டெராபைட் என்று பதில் சொல்லும்படி செய்திருக்கிறார்கள். உண்மையான இடம் தீர்ந்த பிறகு வருகிற தரவைப் பழையதன் மேலேயே எழுதும், அல்லது எழுதிவிட்டேன் என்று சொல்லிவிட்டுக் கைவிட்டுவிடும். பெயர்ப் பட்டியல் மட்டும் தனியாகப் பதிவாவதால் எல்லாம் பத்திரமாக இருப்பது போலவே தோன்றும். ஏற்றிய உடனே திறந்தது எப்படி என்றால், கணினி அப்போது தன் நினைவகத்தில் வைத்திருந்த நகலைக் காட்டியிருக்கிறது. என் கணக்குப்படி அறுநூறு பக்கங்களுக்கு மேல் அதில் நிற்கவே இடம் கிடையாது.

பேரேடுகளில் சில பங்காளிகளோடு சென்னைக்குப் போய்விட்டன. கேட்டு வாங்கி மறுபடி ஸ்கேன் செய்யலாம். கரையான் அரித்த இரண்டு பேரேடுகள் பக்கம் புரட்டும்போதே உதிர்ந்தவை. அவற்றுக்கு அந்த ஸ்கேன்தான் இருந்தது.

கடைக்காரரிடம் போனால் முதலில் “கேபிளை மாற்றிப் பாருங்கள் அண்ணே” என்றார். மாற்றினேன். பிறகு “வைரஸாக இருக்கும், ஃபார்மட் செய்துவிடுங்கள்” என்றார். உள்ளே இருப்பதை மீட்கத் தவிக்கிறவனிடம் அழித்துவிடு என்கிறார்! அதன் பிறகு “மதுரை டீலரிடம் கேட்டிருக்கிறேன்”, “முதலாளி வெளியூர் போயிருக்கிறார்”, “செவ்வாய்க்கிழமை வாருங்கள்” என்று இழுத்தடித்தார்கள். நான் வருவதைக் கண்டால் கடைப் பையன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். கார்டையும் இரும்புத் துண்டையும் மேசையில் வைத்தபோது, “பிரித்துவிட்டீர்களே, இனி வாரன்டி கிடையாது” என்றார்கள். அவர்கள் கொடுத்த ரசீது ‘எஸ்டிமேட்’ என்று போட்ட துண்டுத் தாள். ஜிஎஸ்டி எண் கிடையாது, பொருளின் பெயர் கூடக் கிடையாது, “டிஸ்க் 1, ரூ. 4,800” என்று மட்டும் எழுதியிருக்கிறது. கடைசியாக, “முக்கியமான ஆவணம் என்றால் இரண்டு பிரதி வைத்திருக்க வேண்டும் அண்ணே” என்று எனக்கே புத்தி சொன்னார். பங்காளிகளுக்குப் பிரதி எடுக்கத்தானே உட்கார்ந்தேன்? நான் எத்தனை பிரதி வைத்தால் என்ன, 64 ஜிகாபைட்டை 16,000 ஜிகாபைட் என்று விற்றது அவர்தானே?

இந்தப் போலி டிஸ்க்கின் வயிற்றைத் திறந்து படம் எடுத்து மீம் போடுகிறார்கள். என் தங்கை மகன் காட்டினான். உலகம் முழுவதும் தெரிந்த மோசடி. கணினிக் கடை வைத்திருப்பவருக்குத் தெரியாது என்று என்னை நம்பச் சொல்கிறார்களா?

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. கையடக்க எஸ்எஸ்டி பெரும்பாலும் 1, 2, 4 டெராபைட் அளவில்தான் விற்கிறது. 8 டெராபைட் இருக்கிறது, ஆனால் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். 4,800 ரூபாய்க்கு 16 என்றால் போலிதான், யோசிக்கவே வேண்டாம். கடைக்காரர் திரையில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். எழுதிப் படித்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்கான சோதனை மென்பொருள்கள் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸில் எஃப்3 (F3), இரண்டுமே இலவசம். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். ஜிஎஸ்டி எண்ணும் பொருளின் பெயரும் கொள்ளளவும் எழுதிய பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் அதில் பதிவு செய்துவிட்டேன். பதில் வராவிட்டால் சிவகங்கை நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

இந்த டிஸ்க்கை ஏற்கெனவே வாங்கியவர்கள் யாராவது இருந்தால், அதில் இனி எதையும் ஏற்றாதீர்கள். அதில் இருக்கிறது என்று நம்பிப் போனிலும் கேமராவிலும் இருக்கும் படங்களை அழித்துவிடாதீர்கள். இன்றைக்கே சோதியுங்கள். அந்தக் கடையில் வாங்கியவர் என்றால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், புகாரில் சேர்ந்து கையெழுத்துப் போடலாம்.