சென்னையிலிருந்து யாழ்ப்பாணம்: பலாலியா, கட்டுநாயக்கவா?

அம்மா வழிச் சொந்தத்தில், யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்து ஊரான மானிப்பாயில் ஒரு கல்யாணம். கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்க வழியாகப் போவதா, நேரே யாழ்ப்பாண விமான நிலையமான பலாலியில் இறங்குவதா என்று வீட்டில் நன்றாக விவாதித்துவிட்டுப் பலாலிக்கே டிக்கெட் போட்டோம். மறுபடி போனாலும் அதைத்தான் செய்வேன்.

பறக்கும் நேரத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சென்னையிலிருந்து பலாலி நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர், கட்டுநாயக்க சுமார் 645. ஆனாலும் அட்டவணையில் இரண்டுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம்தான் போட்டிருக்கும். பலாலிக்குப் போவது ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானம், வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான். கொழும்புக்குப் போகும் ஜெட் 800-ஐத் தாண்டும். பலாலியின் ஓடுபாதை சிறியது, அதனால்தான் சின்ன விமானம்.

உண்மையான வித்தியாசம் இறங்கிய பிறகு. பலாலியிலிருந்து யாழ் நகரம் 20 கிலோமீட்டருக்குள். வந்ததே எழுபது சொச்சம் பேர் என்பதால் குடிவரவு வரிசையும் சீக்கிரம் நகர்ந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்கு உறவினர் வீட்டில் இருக்கலாம். கட்டுநாயக்கவில் இறங்கினால் புத்தளம், அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி என்று 350 கிலோமீட்டருக்கு மேல் ரோடு. வேனில் ஆறேழு மணி நேரம். ரயில் என்றால் முதலில் எதிர்த்திசையில் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்துக்குப் போக வேண்டும். விமானமும் ரயிலும் நேரம் ஒட்டவில்லையென்றால் அங்கேயே ஒரு ராத்திரி தங்கல். முழங்கால் வலிக்காரரான அம்மாவை வைத்துக்கொண்டு எனக்கு அது சரிப்படாது.

கொழும்பு டிக்கெட் சில நாள் மலிவாக இருக்கும். வேன் வாடகையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஐந்தாறு பேர் பகிர்ந்துகொண்டால் அந்தச் சுமை குறையும் என்பதும் நிஜம். கொழும்புக்கு இன்னொரு பலமும் உண்டு: ஒரு விமானம் போனால் இன்னொன்று கிடைக்கும். பலாலிக்குச் சேவை குறைவு, ரத்தானால் அன்றைய நாள் போச்சு. நாங்கள் போனது ஆனியில். ஐப்பசி, கார்த்திகை மழையில் எப்படி என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இந்த வழி புதிதும் அல்ல. 1947 டிசம்பரில் இலங்கையின் அப்போதைய விமான நிறுவனமான ஏர் சிலோனின் முதல் விமானமே கொழும்பிலிருந்து, பலாலிக்குப் பக்கத்துத் துறைமுக ஊரான காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் பறந்தது. போர் அதை நிறுத்தியது. 2019 அக்டோபரில் பலாலி மறுபடி திறந்தபோது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டார்கள்.

நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் நான்கு மணி நேரம் என்கிறார்கள். நான் ஏறியதில்லை. மழைக்காலத்தில் அது நின்றுவிடும், தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்டி, கொழும்பும் சுற்றிப் பார்க்க ஆசையென்றால், போகும்போது பலாலியில் இறங்கி, ஊர் பார்த்தபடி தெற்கே வந்து கட்டுநாயக்கவில் திரும்ப விமானம் ஏறுங்கள்.