வளரும் பிள்ளைக்குச் செயற்கைக் கால்: நொவீனாவில் பெற்ற சேவை

முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் அணியும் எங்கள் மகனுக்கு, சிங்கப்பூரின் நொவீனா வட்டாரத்திலுள்ள தனியார் நிலையம் ஒன்றில் புதிய கால் செய்தோம். பிள்ளைகள் வளர வளர, மீதிக் காலை உள்ளே பொருத்தும் கிண்ணம் போன்ற சாக்கெட் இறுக்கமாகிவிடும் என்பதை நன்கு அறிந்து வேலை செய்கிறார்கள். முதலில் ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் செய்த சோதனைச் சாக்கெட்டை அணிவித்து நிற்கவைத்தார்கள். அழுத்தத்தில் தோல் எங்கே வெளுக்கிறது என்பது வெளியிலிருந்தே தெரிந்தது, அந்த இடத்தைச் சூடாக்கி நெகிழ்த்திய பிறகே இறுதி வடிவத்தைத் தொட்டார்கள். எங்களிடம் கேட்காமல் அவனிடமே, "எங்கப்பா வலிக்குது?" என்று பொறுமையாகக் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஓட்டத்துக்கான கரிம இழைத் தகடு வேறு வகை. அதற்குக் குதிகால் இல்லாததால் அசையாமல் நிற்பது கடினம். ஆகவே பள்ளிக்கு ஒன்று, திடலுக்கு ஒன்று என இரண்டு கால்கள் தேவைப்படும். தகட்டின் விறைப்பு உடல் எடையைப் பொறுத்தது என்பதால், எடை கூடும்போது அதையும் மாற்ற நேரும் என்று முன்கூட்டியே விளக்கினார்கள்.

மாலை நேரச் சந்திப்பு கிடைக்காதது பெரிய குறை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது அவசியம். விலையும் அதிகம். தகுதிபெறும் குடும்பங்களுக்கு, அன்றாட வாழ்வுக்கான சாதனங்களின் செலவில் 90 விழுக்காடு வரை உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பு நிர்வகிக்கும் உதவித் தொழில்நுட்ப நிதி ஏற்கிறது. வருமானமும் பார்க்கப்படுவதால், அளவெடுக்கும் முன்னரே சிகிச்சையாளரிடம் இதைப் பேசிவிடுங்கள்.