ஆஃப் 90 ஃபீட் ரோடு மெஸ்: சொதிக்கு 4 ஸ்டார், அட்ரஸுக்கு 1

சொதி நல்லா இருந்துச்சு, அத மொதல்ல சொல்லிடறேன். தேங்காப்பால் தண்ணியா இல்ல, கூடவே இஞ்சித் தொவையல், உருளைக்கெழங்கு சிப்ஸ், தாராவியில உக்காந்து திருநெல்வேலி கல்யாண வீட்டு மறுநாள் சாப்பாடு மாதிரி.

ஆனா கடைய கண்டுபிடிக்க முக்கா மணி நேரம் ஆச்சுங்க. கார்டுல "ஆஃப் 90 ஃபீட் ரோடு" அவ்ளோதான். ஊர்லேர்ந்து வந்த அத்தை அத படிச்சிட்டு "ஆஃப்னா பாதில்லா மருமவனே, அப்ப 45 அடி ரோடா?"ன்னு கேட்டாங்க. சிரிச்சேன், ஆனா இங்க 60 ஃபீட் ரோடுன்னு நெஜமாவே ஒண்ணு இருக்கறதால அவங்க கேட்டதும் தப்பில்ல. நான் மட்டும் என்ன, ரோட்டு மேலயே இருக்கும்னு சயான் ஸ்டேஷன்ல எறங்கி ரெண்டு பக்கமும் போர்டு போர்டா பாத்துட்டே வெயில்ல நடந்தேன்.

ரோட்டு மேல இருந்தா அது ஆன். ஆஃப்னா அந்த ரோட்டுலேர்ந்து பிரியற கல்லிக்குள்ள, அதாவது சந்துக்குள்ள. சரி, எந்தக் கல்லி? ஆப்போசிட், பிஹைண்டுன்னு போட்டாகூட அடையாளத்துக்கு ஒரு பில்டிங் பேராவது இருக்கும், இந்த ஆஃப்ல எந்தப் பக்கம் திரும்பணும்னும் கெடையாது எவ்ளோ தூரம்னும் கெடையாது. பாம்பே ஹை எண்ணெக் கெணறு இருக்குல்ல, அதையும் இங்கிலீஷ்ல மும்பை கரைக்கு ஆஃப்னுதான் எழுதுவாங்க, அது கடலுக்குள்ள சுமார் 160 கிலோமீட்டர்!

கடைசில ஒரு டெய்லர் அண்ணன்தான் சொன்னாரு, மூணாவது கல்லி, உள்ள போய் லெஃப்ட், மாவு மில்லு தாண்டி. இதயே கார்டுல அடிச்சா என்னண்ணே வந்துரும்னு ஓனர்ட்ட கேட்டேன். "கல்லின்னு போட்டா எவன் தம்பி வருவான், 90 ஃபீட்னா ஒரு கெத்து"ன்னாரு. புரோக்கருங்களும் இதான பண்றாங்க, பாந்த்ரா பக்கம் லிங்கிங் ரோடுன்னு ஒரு காஸ்ட்லி ரோடு, அதுலேர்ந்து நாலு தெரு தள்ளி இருக்கற ஃபிளாட்டும் ஆஃப் லிங்கிங் ரோடுதான், வாடகை மட்டும் லிங்கிங் ரோடு வாடகை.

சொதி ஞாயித்துக்கெழம மட்டும், ஒரு மணிக்குள்ள போயிருங்க. சோறு கேக்கக் கேக்க போடறாங்க, ரெண்டாவது அப்பளத்துக்கு தனி காசு.